கான் துப்பிய வளையம்

முதலில் நான் அதை ஜின் என்றுதான் நம்பினேன்.

அரைகுறையாக இல்லை, முழுசாக. அது எந்தப் பக்கத்தால் வருகிறது, எந்தக் கதிரையில் இருக்கிற ஆளைக் கண்டால் அதற்கு ஆகாது, என்ன கோபத்தில் வருகிறது என்பது வரைக்கும் என்னிடம் பதில் இருந்தது. நான் கல்முனையில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகம் படிப்பிக்கிற ஆள். "ஆதாரம் இல்லாம ஒண்டையும் நம்பக்கூடா" என்று வெண்கட்டியை நீட்டி நீட்டிச் சொல்கிற வாய் இது. அந்த வாய்க்குள்தான் முதல் அடி விழுந்தது.

மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று ஓய்ந்து கொஞ்ச நாள் இருக்கும். பின்னேர அஸர் தொழுதுவிட்டு வந்து, முன் ஹோலில் யன்னலுக்கு நேரே கிடக்கிற கதிரையில் சாய்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். வெளியே ஒரு ஓலை அசையவில்லை. திடீரென்று யன்னல் சீலை, பின்னால் யாரோ நின்று ஊதியதுபோல உப்பியது. விடைத்தாளின் மூலை எழும்பியது. அடுத்த கணம் முகத்தில் ஒரு நாற்றம் அறைந்தது. "வந்தது" என்று எழுத மனம் வரவில்லை. அறைந்தது. வெயிலில் கிடந்த மீன் குடல், கோழிச் செட்டை, புளித்த சோறு, சுருட்டி எறிந்த பிள்ளை நாப்பி எல்லாவற்றையும் ஒரு ஈரத் துவாயில் முடிந்து வாயில் அடித்தால் எப்படியிருக்கும்? நான் அந்த நேரம் பார்த்துக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தேன். விழுங்கிவிட்டேன்.

பிறகு ஒன்றுமில்லை. சீலை அடங்கிவிட்டது. ஹோலில் வழமையான வாசம், மனிசியின் குசினியிலிருந்து வருகிற வெங்காய வாசம். நான் எழும்பி நின்று என் சேர்ட்டை மணந்து பார்த்தேன். கையை மணந்தேன். உள்ளங்கையில் ஊதி அதையும் மணந்தேன். மனிசி குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தா.

"இஞ்செருங்க, என்ன செய்றீங்க?"

"ஒனக்கு ஒண்டும் மணக்கல்லயா?"

"நீங்க மூண்டு நாளா இந்தச் சேர்ட்டத்தான் போடுறீங்க."

அத்தோடு விசயம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் கொஞ்ச நேரத்தில் இரண்டாவது அறை விழுந்தது. அன்றைக்கு அஸருக்கும் பொழுதுபட்ட மஃரிபுக்கும் இடையில் நான் வாங்கியது எத்தனை என்று எண்ணவில்லை. வாந்தி எடுக்கப் போனதில் கணக்குப் பிழைத்துவிட்டது.

மற்ற நேரமென்றால் யன்னலைச் சாத்திவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை மகளின் கலியாணத்தை முடிவு செய்வதற்கு மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வருவதாக இருந்தது. வருவது பெண் பார்க்க இல்லை. அவளை அவர்கள் எப்போதோ பார்த்துவிட்டார்கள், பிடித்தும் விட்டது. வருவது வீடு பார்க்க. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வீடு பெண்ணுக்கு எழுதப்படும். நானும் அப்படி வந்தவன்தான், இது மனிசியின் வாப்பா அவவுக்குக் கொடுத்த வீடு. இனி இது மகளுக்கு. நாங்கள் இருவரும் பின்னால் கட்டிய இரண்டு அறைக்குள் ஒதுங்குவோம். ஆகவே வருகிற பெண்கள் குழாயைத் திறந்து பார்ப்பார்கள், சிலிங்கை அண்ணாந்து பார்ப்பார்கள், கக்கூசுக் கதவைத் தள்ளிப் பார்ப்பார்கள். சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு எப்போதுமே அருவருப்பு உண்டு. ஆனால் மாடு நம்முடையது என்றால் பல்லைத் தேய்த்துத்தானே வைக்க வேண்டும்?

வீடு நாறினால் சம்பந்தம் போய்விடும். மகளுக்கு அந்தப் பெடியனைப் பிடித்திருந்தது. வாயால் சொல்லவில்லை, கூட்டிய ஹோலையே திரும்பத் திரும்பக் கூட்டியதில் தெரிந்தது.

அடுத்த நாள் சிலிங்குக்குள் ஏறிச் செத்த எலி தேடினேன். செத்த எலி இல்லை. உயிரோடு இருந்த ஒன்று என்னைப் பார்த்துப் பயந்தது, நானும் அதைப் பார்த்துப் பயந்தேன், ஏணி சரிந்தது. மலக்குழியின் மூடியைத் திறந்து பார்த்தேன். அதைப் பற்றி எழுதப் போவதில்லை. அன்று இரண்டு நேரம் சாப்பிடவில்லை என்பது மட்டும் போதும். குழி நாறியது, ஆனால் அது வேறு நாற்றம், குடும்ப நாற்றம். என்னை அறைவது அந்நிய நாற்றம். வகுப்பில் ஒரு செய்முறைக்காக வாங்கி வைத்திருந்த சாம்பிராணியை எடுத்து வீடு முழுக்கப் புகைத்தேன். அஸருக்குப் பிறகு சீலை உப்பியது; சாம்பிராணிப் புகையைப் பிளந்துகொண்டு வந்து அறைந்தது.

காற்றில்லாத நேரத்தில் சீலை உப்புகிறது. ஒரு இடத்தில் மட்டும் அடிக்கிறது. அடித்துவிட்டுப் போய்விடுகிறது. முன்னுக்கு வீடில்லாத வெறும் வளவு, அதற்கு அங்கால் கடற்கரை வீதி, அதற்கு அங்கால் கடல். கடலிலிருந்து ஜின் வந்துபோகிற பாதையில் மாமனார் வீட்டைக் கட்டிவிட்டார் என்று முடிவெடுத்தேன். மாமனார் மௌத்தாகிவிட்டார், மறுக்க ஆளில்லை.

ஓதிப் பார்க்கிற ஒரு ஹஸ்ரத்தைக் கூட்டிவந்தேன். வயசான, அமைதியான மனிதர்.

"எந்த இடத்துல அடிக்குது தம்பி?"

"இந்தக் கதிரையில ஹஸ்ரத். இரிக்காதீங்க."

அவர் அந்தக் கதிரையிலேயே இருந்தார். ஓதத் தொடங்கினார். நான் அலுமாரிக்குப் பின்னால் நின்றேன், மரியாதைக்காக. பாதியில் சீலை உப்பியது. அவர் ஓதுவதை நிறுத்தவில்லை. சால்வையால் மூக்கை மட்டும் மூடிக்கொண்டார். முடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, இது ஜின் இல்ல. இது கான்."

"கான் எண்டா எந்நேரமும் மணக்கோணுமே ஹஸ்ரத்? இது அடிச்சிப்போட்டுப் போகுதே?"

"ஜின்ன அல்லாஹ் நெருப்பால படைச்சிரிக்கான் தம்பி. கோழிக்குடலால இல்ல."

குசினிக்குள் மனிசி சிரித்த சத்தம் கேட்டது. ஹஸ்ரத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

கானைப் போய்ப் பார்த்தேன். ஊர்ச் சாக்கடையெல்லாம் ஓடுகிற அந்த வடிகால் ஊருக்குள்ளிருந்து கடற்கரை வீதியோரமாக வந்து, எங்கள் வீட்டுக்கு எதிரே திரும்பி, வீதிக்குக் கீழே போட்டிருக்கிற பெரிய கொங்கிறீட் குழாய்க்குள் நுழைந்து கடலுக்குப் போகிறது. போகிறது என்பது பழைய கதை. இப்போது மண்ணும் குப்பையும் அடைத்து, குழாயின் அடிப்பாதியில் கறுப்புக் களி கிடக்கிறது. அதன்மேல் முடிச்சுப் போட்ட சொப்பிங் பேக்குகள், உப்பிப்போய், செத்த மீன் வயிறு மாதிரி. முடிச்சுப் போடுகிற அந்த நாகரிகத்தை நினைத்தால்தான் எனக்குக் குமட்டும். வீட்டுக்குள் அவ்வளவு துப்பரவு. வாசலைத் தாண்டினால் ஊரே ஒரு கான். மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே பேக்கை எறிந்துவிட்டு, அதே கையால் சலாம் சொல்லிப் போகிறவர்களை எனக்குத் தெரியும்.

வீதியில், குழாய்க்கு மேலே நின்று மணந்தேன். கான் மணந்தது, ஆனால் சாதாரணக் கான் மணம். அங்கிருந்து இறங்கி, மண் நிரப்பாமல் பள்ளமாகக் கிடக்கிற வெறும் வளவுக்கூடாக வீட்டை நோக்கி மணந்து மணந்து நடந்தேன். பாதி வளவில் மணமே இல்லை. சுத்தமான கடல் காற்று. பௌதிகம் படித்த மூளை உடனே வேலை செய்தது: மணம் பரவுவது என்றால் கிட்டப் போகப் போகக் கூட வேண்டும், தூரப் போகப் போகக் குறைய வேண்டும். கானில் கொஞ்சம், நடுவில் பூச்சியம், என் கதிரையில் மரண அடி. நடுவில் இல்லாத மணம் இந்தப் பக்கம் எப்படி வரும்? எனவே கான் இல்லை. எனவே ஜின்தான். பட்டம் பெற்ற ஒருவனால் மட்டுமே இவ்வளவு ஒழுங்காகப் பைத்தியமாக முடியும்.

வியாழக்கிழமை மனிசியின் தம்பியைக் கூப்பிட்டு யன்னலை அடைக்கச் சொன்னேன். அவர் மேசன் வேலை பார்க்கிறவர்.

"எந்த யன்னல மச்சான்?"

"கடல் பக்கத்து யன்னல."

"எங்கட வாப்பா இந்த யன்னலக் காட்டித்தான் ஒங்களப் புடிச்சாரு. 'கடல் தெரியுற ஹோல்' எண்டு ஊரெல்லாம் சொன்னாரு. நாளைக்கு வீடு பாக்க வாறாங்க, இண்டைக்கு அடைக்கச் சொல்றீங்களே, ஒங்களுக்கு என்ன புடிச்சிரிக்கி?"

"என்னப் புடிக்கல்ல. புடிக்காம இரிக்கத்தான் அடைக்கிற."

அந்த வீட்டில் மனிசி பிறந்து வளர்ந்து பார்த்த கடல் அது. கல்லை ஒவ்வொன்றாக எடுத்துத் தம்பியிடம் அவதான் கொடுத்தா, என்னைப் பார்க்காமல். அது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அன்று பின்னேரம் வரைக்கும் நான் வீரன்போல நின்று சீமெந்து குழைத்தேன். ஹோல் இருண்டு, ஈரச் சீமெந்து மணத்தோடு, கபுறுக் குழிபோலக் குளிர்ந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தேன். பின்னேரமாகிக்கொண்டிருந்தது, அவர்கள் வர இன்னும் நேரமிருந்தது. வாசலைக் கூட்டி அள்ளிய சருகைக் கூடையோடு கொண்டுபோய்க் கொட்டலாம் என்று வீதிப் பக்கம் போனேன். பக்கத்து வீட்டுப் பெண் குழாய் வாயருகில் சருகும் தேங்காய்ப் பொச்சுமட்டையும் குவித்து நெருப்பு வைத்துவிட்டுப் போயிருந்தா. வெள்ளைப் புகை நேராக மேலே எழும்பிக்கொண்டிருந்தது. அங்கால் கரையில் ஒரு பெரிய அலை திரும்பிப் போனது. அந்தப் புகை அப்படியே வளைந்து, குழாய்க்குள் போனது.

நான் கூடையோடு நின்றேன்.

அடுத்த அலை வந்து குழாயின் கடல் பக்கத்து வாயில் மோதியது. குழாய் "பொக்" என்றது. இந்தப் பக்கத்து வாயால் ஒரு வளையம் வெளியே வந்தது. உழுந்து வடை மாதிரி, ஆனால் மாட்டு வண்டிச் சில்லு அளவு. வெள்ளையாக, தடித்து, தனக்குள்ளேயே சுருண்டு சுருண்டு, கலையாமல், பள்ள வளவுக்கு மேலால், ஒரு ஆளின் தலைக்கு மேலான உயரத்தில், என் வீட்டை நோக்கிப் போனது. அவசரமில்லாமல். வேலைக்குப் போகிற அதிகாரிபோல.

எனக்கு ஜின் போய் வெட்கம் ஏறியது. ஏனென்றால் அதை நான் வருசா வருசம் வகுப்பில் செய்கிறேன். அடியில் வட்டமாக ஓட்டை போட்ட வாளி, மேல் வாயில் இழுத்துக் கட்டிய றப்பர், உள்ளே சாம்பிராணிப் புகை. றப்பரில் தட்டினால் ஓட்டையால் வளையம் போய், வகுப்பின் கடைசி வாங்கில் நிற்கிற கடதாசிக் கோப்பையை விழுத்தும். பிள்ளைகள் கத்துவார்கள். "காத்துக்கும் உந்தம் இரிக்கி" என்று நான் நெஞ்சை நிமிர்த்துவேன். அந்தச் செய்முறைக்கு வாங்கிய சாம்பிராணியைத்தான் நான் ஜின்னுக்குப் புகைத்தேன்.

விசயம் இவ்வளவுதான். வாயால் சடுதியாகத் தள்ளப்பட்ட காற்று சும்மா பரவிக் கலைவதில்லை. விளிம்போடு உரசுகிற ஓரக் காற்று பின்னுக்குச் சுருள்கிறது. விளிம்பு வட்டமென்பதால் சுருளும் வட்டமாக மூடிக்கொள்கிறது. நடுவால் முன்னுக்கு ஓடுகிற காற்று வெளிப்பக்கத்தால் திரும்பி வந்து மறுபடி நடுவுக்குள் நுழைகிறது. வளையத்தின் ஒவ்வொரு பக்கமும் எதிர்ப்பக்கத்தை முன்னுக்குத் தள்ளிக்கொண்டே போகிறது. அலை கொடுத்த உந்தத்தை அது வழியில் இருக்கிற காற்றுக்கு இலேசில் விட்டுக்கொடுக்காது. போகப் போகக் கொஞ்சம் வெளிக்காற்றைச் சேர்த்துப் பருக்கும், பருத்த அளவுக்கு மெதுவாகும். பாரம் கூடி வேகம் குறைந்தாலும் உந்தம் ஏறக்குறைய அதேதான். வயிற்றுக்குள் கட்டிய மணத்தையும் வழியில் சிந்தாது. அதனால்தான் நடு வளவில் பூச்சியம். அலை திரும்பும்போது குழாய் சுற்றிவர எல்லாப் பக்கத்துக் காற்றையும் இழுக்கிறது, தள்ளும்போது மட்டும் ஒரே பக்கம். விளக்கை ஊதி நூர்க்கலாம், உறிஞ்சி நூர்க்க ஏலாது, அதே கதை. கச்சான் அடிக்கிற காலத்தில் காற்று வளையத்தைப் பிய்த்துவிடும், கடலும் எங்கள் கரையில் அடங்கிக் கிடக்கும். முந்தின வருசங்களில் குழாய்க்குள் இவ்வளவு குப்பையும் இல்லை. அதனால்தான் இவ்வளவு நாளும் தப்பினோம்.

இதெல்லாம் பிறகு யோசித்தது. அந்த நேரம் நான் செய்தது, வளையத்தோடு ஓடியது. சருகுக் கூடையோடு, வெள்ளைச் சாரனைத் தூக்கிக்கொண்டு, பள்ளத்துக்குள் விழுந்து எழும்பி, தலைக்கு மேலே போகிற புகையைப் பார்த்தபடி ஓடினேன். அது அடைத்த யன்னலில் போய் முட்டியது. முட்டி நின்றுவிடும் என்று நினைத்தேன். சுவரைக் கண்டதும் அது தட்டுப்போல விரிந்தது, விரிந்துகொண்டே சுவரோடு வழுக்கி, பாதி முன் கதவால் உள்ளே போனது. யன்னலை அடைத்ததன் பலனாக, ஒரு கதிரைக்கு வந்தது இப்போது வாசலுக்கே வந்தது.

மனிசி கதவடியில் இருமிக்கொண்டு நின்றா. "இஞ்செருங்க, ஒங்கட ஜின் பொகைக்கவும் பழகிட்டா?"

"புள்ள, அது ஜின் இல்ல. அது உந்தம்."

"எதுவா இரிந்தாலும் இண்டைக்கு வர வேணாமெண்டு சொல்லுங்க."

பழைய நெல்லுச் சாக்கு இரண்டை உருட்டி, நெருப்பைக் காலால் மிதித்துத் தள்ளிவிட்டு, குழாய் வாய்க்குள் திணித்தேன். திணிக்கும்போது கை தோள்மூட்டு வரைக்கும் போனது. உள்ளே என் விரல்களுக்குள் என்னவோ வழுக்கியது, பிறகு என்னவோ உடைந்தது. கையை வெளியே எடுத்தபோது அது என் கைபோல இருக்கவில்லை. மூன்று முறை சவர்க்காரம் போட்டேன். அதற்குப் பிறகும் அந்தக் கையால் சோறு பிசைய எனக்கு மனம் வரச் சில நாள் எடுத்தது.

அவர்கள் வந்தார்கள்: மாப்பிள்ளையின் உம்மாவும், அவருக்கு மூத்த, கலியாணம் முடித்த இரண்டு சகோதரிகளான ராத்தாமாரும். மகள் எனக்குக் காதோடு சொன்னாள், "வாப்பா, நீங்க கதைக்காம இரிந்தாப் போதும்." ஓம் என்றேன். அவர்கள் குழாயைத் திறந்தார்கள், சிலிங்கைப் பார்த்தார்கள், கக்கூசுக் கதவைத் தள்ளினார்கள். எல்லாம் சரி. சர்பத் வந்தது. காற்றில் நாற்றமில்லை, மூச்சு எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அப்போது மாப்பிள்ளையின் உம்மா, காயாத சீமெந்துச் சுவரைப் பார்த்துவிட்டு, என்னை அண்ணன் முறை வைத்துக் கேட்டா.

"காக்கா, இஞ்ச யன்னல் இரிந்ததெல்லோ? கடல் தெரியுற யன்னல் எண்டு சொன்னாங்க?"

"வெயில் கூட, ராத்தா," என்றேன்.

"பின்னேரத்துல கிழக்குப் பக்கம் வெயிலா?"

பௌதிகம் படிப்பிக்கிறவன் நான். சர்பத்தில் ஒரு மிடறு குடித்தேன். மனிசி என்னைப் பார்த்தா. அந்தப் பார்வையில் அவவின் வாப்பா, கடல், நேற்று எடுத்துக் கொடுத்த கல்லெல்லாம் இருந்தன. அந்த நேரம் பார்த்து, வளவுக்கு அங்கால், தெளிவாக ஒரு "பொக்" கேட்டது. சாக்கு வெளியே வந்துவிட்டது என்று எனக்கு மட்டும் தெரியும். வளையம் வந்து சேர எவ்வளவு நேரமெடுக்கும் என்பதும் தெரியும். நான் சர்பத் கோப்பையைப் பிடித்துக்கொண்டு கதவைப் பார்த்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டேன், வெட்கமில்லாமல், எனக்கு மட்டும்.

கதவுச் சீலை உப்பியது.

மூவரும் ஒரே நேரம் முந்தானையை மூக்குக்கு ஏற்றினார்கள். ஒரு ராத்தா கோப்பையைக் கீழே வைத்தா. மகள் குசினி வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். இனிக் கதைக்காமல் இருந்து பலனில்லை. நான் சொன்னேன்: கான், குழாய், அலை, வளையம், நான் நம்பிய ஜின், அடைத்த யன்னல், எல்லாம். கடைசியில் உந்தத்தையும் சொல்லத் தொடங்கினேன், மனிசி இருமித் தடுத்தா.

மாப்பிள்ளையின் உம்மா முந்தானையை இறக்கவில்லை. அதற்குள்ளாலேயே கேட்டா:

"இது எந்தக் கான் காக்கா? வீதியோரமா வாற கானா?"

"ஓம் ராத்தா."

"அது எங்கட வீட்டுக்கு முன்னாலயும்தான் ஓடுது. நாங்க மேல்பக்கம். எங்கட மீன் கழுவுற தண்ணியெல்லாம் அதுக்குள்ளதான் ஊத்துற."

இளைய ராத்தா முதலில் சிரித்தா. பிறகு மற்றவர். மனிசியும் சிரித்தா, ஆனால் அது எனக்கான சிரிப்பில்லை என்று நன்றாகத் தெரிந்தது. நான் விழுங்கியது யாருடைய மீன் என்று அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது. சர்பத் கோப்பையைக் கீழே வைத்தேன்.

எழும்பும்போது மாப்பிள்ளையின் உம்மா ஒரே ஒரு நிபந்தனை சொன்னா: "யன்னலத் திறந்து தாங்க காக்கா. மகன் கடல் தெரியுற ஹோல் எண்டு எல்லாருக்கும் சொல்லிட்டான்."

யன்னலை மச்சானே இடித்துத் திறந்தார். கலியாணம் நடந்தது. கான் இன்னும் துப்பரவாக்கப்படவில்லை. காற்றில்லாத பின்னேரங்களில் வளையம் வருகிறது. அந்தக் கதிரையில் இப்போது மருமகன் இருக்கிறார்.